என்ஜினீயர் என்றொரு பட்டம்

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்காரர் செங்குன்றம் பக்கத்தில் நான்கு கிடங்குகளுக்குச் சொந்தக்காரர். பாயசம் வருகிற வரையில் நல்ல மனிதராகத்தான் இருந்தார். பாயசம் வந்ததும் தேசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர் பண்ண ஓர் ஆள் அகப்பட மாட்டேங்கறான் சார்! நம்ம பசங்களுக்கு உடம்பை வளைக்க மனசில்லே. எல்லாவனுக்கும் ஏ.ஸி. ரூமும் கம்ப்யூட்டரும் வேணும். வாங்கற சம்பளத்துக்கு வேலை செய்யறவன் எவன் இருக்கான்?" என்று தொடங்கியவர் முடிக்கும்போது என் இலையில் அப்பளம் நமுத்துப் போயிருந்தது.

கல்யாண வீட்டில் சண்டை போடுவது மரியாதை ஆகாது. ஆகையால் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே விழுங்கியதை இங்கே சொல்லப் போகிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் கதை எழுதிப் பிழைக்கிற இவனுக்கு யந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் அந்த யந்திரத்துக்கு வைத்தியம் பார்க்கிற ஒருவனை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறவன் அவன். விருத்தாசலம் பக்கத்துப் பையன். பையன் என்பது என் வயசுக்கு. அவனுக்கு முப்பத்திரண்டு ஆகிறது. ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துத் தேறியவன். எங்கள் வீடு இருப்பது பூந்தமல்லியில். இங்கிருந்து ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும். வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் இன்னொரு பக்கம் செங்குன்றமும் மீஞ்சூரும். எல்லாம் கிடங்குகள், தொழிற்சாலைகள். அவனுக்கு இரண்டு பக்கமும் ஜோலி. வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எப்படி, காற்று எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். அவன் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி கேட்டைப் பூட்டுவீங்களா சார்?"

ஏன் கேட்டான் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. பதினோரு மணிக்குக் கைப்பேசி அடிக்கும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். மோட்டார் சைக்கிள் கிளம்பும். அது திரும்பி வருகிற சத்தம் சில நாள் மூன்று மணிக்கு, சில நாள் பால்காரனோடு. காலையில் எட்டரைக்கு மறுபடி கிளம்பிவிடுவான்.

இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களில் பலர் ஃபோர்க்லிஃப்டைக் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் அவன் கூட்டிப் போய்க் காட்டுகிற வரையில் பார்த்ததில்லை. முன்னால் இரண்டு இரும்புக் கரங்களை நீட்டிக்கொண்டு, சாமான் அடுக்கிய பலகையை அடியோடு தூக்கி, இருபதடி உயரத்துப் பரணில் கொண்டுபோய் வைக்கிற வண்டி அது. மூன்று டன் தூக்குகிற வண்டி தானே நான்கு டன்னுக்கு மேல் கனக்கும். இல்லாவிட்டால் தூக்கும்போது குப்புறக் கவிழ்ந்துவிடும். துறைமுகத்தில் அது உண்டு. கார் தொழிற்சாலையில் உண்டு. நீங்கள் சோபாவில் சாய்ந்தபடி கைப்பேசியை விரலால் தொட்டு வாங்குகிற செருப்பும் மிக்ஸியும் குழந்தையின் சைக்கிளும் எங்கேயோ ஒரு கிடங்கில் இந்த வண்டியின் கரத்தில் ஏறி இறங்கித்தான் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. வண்டி நின்றால் கிடங்கு நிற்கும். கிடங்கு நின்றால் இவனுடைய கைப்பேசி அடிக்கும்.

மின்சார வண்டியானால் அதன் வயிற்றில் ஒரு பாட்டரி: இரண்டு வோல்ட் செல்கள் 24 சேர்ந்து 48 வோல்ட். எடை பல வண்டிகளில் ஒரு டன்னை நெருங்கும். உள்ளே கந்தக அமிலம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். அவன் மனைவி மொட்டை மாடிக் கொடியில் உலர்த்துகிற சட்டைகளில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் இருக்கும். கரப்பான் அரித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அமிலம்! "உடம்புலே பட்டா தண்ணி ஊத்திக்கலாம் சார். சட்டைக்கு என்ன பண்றது?" என்றான்.

தூக்குகிற சங்கிலிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. புதிதில் 100 சென்டிமீட்டர் இருந்த அளவு 103 ஆகிவிட்டால் அந்தச் சங்கிலிக்கு ஆயுள் முடிந்தது. கழற்றிப் போட வேண்டியதுதான். இரும்புக் கரத்தின் குதிப்பக்கம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் அதற்கும் அதே கதி. இதெல்லாம் அவனுக்கு மந்திரம் மாதிரி மனப்பாடம். அளந்து பார்த்து, "மாத்தணும்" என்று எழுதிக் கொடுப்பான். ஷிஃப்ட் பார்க்கிறவர், "இந்த லோடு போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்துப் போட்டால் பொறுப்பு அவர் தலையில் வந்துவிடுமே! நாளைக்கு அந்தச் சங்கிலி அறுந்தால், கடைசியாகத் தொட்டவன் யார்?

வேலை செய்ய இடமாவது உண்டா? பட்டறை என்று ஒன்று அவனுடைய கம்பெனியில் இருக்கிறது. ஆனால் நான்கு டன் வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும். வைத்தியன்தான் நோயாளியிடம் போக வேண்டும். லாரிகள் போய்வருகிற வழியில், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, ஓட்டுக்கூரையின் கீழே சித்திரை வெயிலில், மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்வான். வாசலில் காவலர்கள் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். கைப்பேசியின் காமிராக் கண்ணுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கான்டீனில் டோக்கன் உள்ளவர்களுக்குத்தான் சாப்பாடு. டோக்கன் அந்தத் தொழிற்சாலை ஆட்களுக்குத்தான். அவன் வெளியாள். ஒரு நாளில் நான்கு வாசலுக்குப் போகிறான், நான்கிலும் வெளியாள். ஸ்பானர்கள் அவனுடைய காசு. மோட்டார் சைக்கிள் அவனுடைய கடன். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது அந்தப் படி என்ன ஆயிற்று என்று கேட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் அவனுடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பெயர், எண், தேதி எல்லாம் சரி. உத்தியோகம் என்ற இடத்தில் "சர்வீஸ் என்ஜினீயர்" என்று இருந்தது.

"தம்பி, நீ ஐ.டி.ஐ. தானே? எப்போது என்ஜினீயர் ஆனாய்?"

"சேர்ந்த அன்னிக்கே சார்."

நான் சொற்களை விற்றுப் பிழைக்கிறவன். ஒரு சொல்லுக்கு என்ன விலை என்பதில் எனக்குக் கொஞ்சம் அக்கறை உண்டு. ஆகவே இந்தச் சொல்லின் விலையை விசாரித்துப் பார்த்தேன். சேர்ந்த நாளிலிருந்து அவன் எத்தனை இரவுகள் விழித்திருப்பான் என்று அவனுக்கே கணக்கில்லை. மிகைநேரக் கூலி என்று ஒரு காசு வாங்கியதில்லை. கேட்டதற்கு மேலாளர் சொன்னாராம்: "ஓவர்டைம் எல்லாம் வொர்க்கருக்குத்தானப்பா. நீ என்ஜினீயராச்சே!"

ஐயா, இந்த நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இருந்தது. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருந்தது. நேரத்துக்கு மேல் உழைத்தால் இரட்டைக் கூலி என்றுதான் இரண்டும் சொல்லின. தொழில் தகராறுச் சட்டம் மேற்பார்வை பார்க்கிறவர்களில் ஓர் அளவுக்கு மேல் சம்பளம் வாங்குகிறவனைத் தொழிலாளி இல்லை என்று ஒதுக்கியது. மேற்பார்வை! என் மாடிக்காரன் யாரை மேற்பார்வை பார்க்கிறான்? பன்னிரண்டு ஸ்பானர்களையும் ஒரு சுத்தியலையுமா? பதவியின் பெயரைப் பார்க்காதே, அவன் பிரதானமாகச் செய்கிற வேலையைப் பார் என்று உச்ச நீதிமன்றம் எத்தனையோ வழக்குகளில் சொல்லியாயிற்று. ஆனால் உச்ச நீதிமன்றம் தில்லியில் இருக்கிறது. மேலாளர் ஒரகடத்தில் இருக்கிறார்.

சம்பளம் 21,500 ரூபாய். அதில் ஒரு கதை இருக்கிறது. 2021 வரையில் அவனுக்கு 21,000. அந்த வருஷம் கூப்பிட்டு, பெயருக்கு முன்னால் "சீனியர்" சேர்த்து, 500 ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள். அன்று எங்கள் வீட்டுக்கு மைசூர்பாகு வந்தது. நானும் வாங்கித் தின்றேன். தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதுதான் இ.எஸ்.ஐ., அதற்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்று 2017-இல் வைத்திருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. வரம்பைத் தாண்டினால் காலக்கிரமத்தில் ஆஸ்பத்திரி அட்டை போய்விடும். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், 21,000 ரூபாய்க்கு அது 682 ரூபாய் 50 காசு. அதாவது, மாதம் 500 கொடுத்து 682 மிச்சம் பிடித்த பதவி உயர்வு அது! வேண்டுமென்றே செய்தார்களா, தானாக அமைந்ததா என்பதற்கு நான் சத்தியம் செய்ய மாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். அவன் வேலை முடித்த கிடங்குக்கு அவனுடைய கம்பெனி அனுப்பிய ஒரு பில்லை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். உழைப்புக்கு மணிக்கு 950 ரூபாய் என்று போட்டிருந்ததாம். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 171 ரூபாய். இவனுடைய 21,500-ஐ 26 நாளாலும் எட்டு மணியாலும் வகுத்தால் மணிக்கு 103 ரூபாய் வருகிறது. அவன் உண்மையில் உழைக்கிற பன்னிரண்டு மணியால் வகுத்தால் 69 ரூபாய்கூடத் தேறாது. இவன் மல்லாந்து படுத்து ஒரு மணி நேரம் உழைத்தால், அந்த உழைப்பின்மேல் சர்க்கார் வாங்குகிற வரி இவன் வாங்குகிற கூலியைவிட அதிகம்!

கம்பெனிக்காரரிடம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆபீஸ் இருக்கிறது, உதிரிச் சாமான் கிடங்கு இருக்கிறது, பில் கொடுத்துவிட்டு ஆறு மாதம் பணத்துக்குக் காத்திருக்கிற அவஸ்தை இருக்கிறது. 950-உம் அவர் பெட்டிக்குப் போவதில்லை. அதைவிட முக்கியம், அவரை நசுக்குகிறவர் யார்? என் பக்கத்து இலைக்காரர்தான்! வருஷப் பராமரிப்புக்கு மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்பார். யார் குறைவோ அவருக்கு ஒப்பந்தம். அடுத்த வருஷம் அதிலும் பத்துச் சதவீதம் குறைக்கச் சொல்வார். உதிரிச் சாமான் விலையைக் குறைக்க முடியாது. அது வெளியூரிலிருந்து வருகிறது. பெட்ரோலைக் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது ஒன்றே ஒன்று. அது மாடிப்படியில் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்குகிறது.

அப்புறம், "ஆள் கிடைக்கவில்லை" என்ற புலம்பல். எங்கே போனான் ஆள்? துபாய்க்குப் போனான், சிங்கப்பூருக்குப் போனான். இங்கே பத்து வருஷம் கற்ற கையை அங்கே கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்கிறான். போக முடியாதவன் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனியில் சேர்ந்து, அதே மோட்டார் சைக்கிளில் பிரியாணிப் பொட்டலம் சுமக்கிறான். அமிலம் தெறிப்பதில்லை, சங்கிலி அறுவதில்லை. வெண்டைக்காய் கிலோ இருபதுக்குக் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் ஊரில் வெண்டைக்காயே விளையவில்லை என்றா சொல்வீர்கள்?

2023-ஆம் வருஷம் ஏப்ரல் 21-ஆம் தேதி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்கிற மசோதா ஒன்று நம் சட்டசபையில் நிறைவேறியது. ஊரே கொதித்தது. எதிர்த்து எழுதியவர்களில் நானும் ஒருவன். மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள்; மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். பெரிய வெற்றி என்று நான் மாடிக்குப் போய் அவனிடம் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பன்னிரண்டு மணி நேரம்னா நல்லாத்தானே சார் இருக்கும்? எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்கு வந்துடலாமே!" என்றான். பரிகாசமில்லை. நிஜமாகவே சொன்னான்.

அதற்கு ஒன்றரை மாதம் கழித்து, ஜூன் மாதத்து இரவு ஒன்று. அந்தக் கிடங்கின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதக் கூடாது என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். எழுதவில்லை.

வண்டியைத் தூக்குகிறது எண்ணெயின் அழுத்தம். சாதாரணமாக நாம் சைக்கிள் டயரில் அடிக்கிற காற்றைப்போல் நாற்பது ஐம்பது மடங்கு இருக்கும் அந்த அழுத்தம். ரப்பர்க் குழாயில் குண்டூசி முனையளவு துவாரம் விழுந்தால் அங்கிருந்து வருகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். கசிவைத் தேடும்போது கையால் தடவக் கூடாது, அட்டைத் துண்டைக் காட்டித்தான் தேட வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். அவன் அறியாததா? மணி ஒன்று. அந்தப் பக்கத்து விளக்கு எரியவில்லை. காலையிலிருந்து அது ஆறாவது வண்டி. மூன்று லாரிகள் வாசலில் காத்துக்கொண்டிருந்தன. தலைக்குமேல் ஒருவர் நின்றுகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "ஆச்சா? ஆச்சா?" என்றார். டார்ச்சைப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லை. அவனே பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். குழாயின்மேல் இடது கை போயிற்று.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் சார் இருந்துச்சு" என்றான் பிறகு. ஆள்காட்டி விரலில் ஒரு புள்ளி. துணியால் துடைத்துவிட்டு, குழாயை மாற்றி, வண்டியை ஓட்டிக் காட்டிவிட்டு, நாலு மணிக்கு வீடு வந்து படுத்தான். விடிந்தபோது விரல் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். காலையில் இன்னொரு கிடங்குக்குப் போக வேண்டியிருந்ததே! எண்ணெய் உள்ளே போனால் சில மணி நேரத்துக்குள் கீறிச் சுத்தம் செய்ய வேண்டுமாம். தாமதித்தால் சதை செத்துப்போகுமாம். டாக்டர் கோபித்துக்கொண்டார். கடைசியில் விரலின் நுனிக் கணுவை எடுத்தார்கள்.

இ.எஸ்.ஐ. அட்டை இல்லை. அவன் மனைவியின் கையிலிருந்த இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. கம்பெனி கேட்ட முதல் கேள்வி: "கையுறை போட்டிருந்தியா?" தோல் கையுறை அந்த அழுத்தத்துக்கு வாழையிலை மாதிரி. இரண்டாவதாக ஓர் உறையில் 20,000 ரூபாய் வந்தது. "மனிதாபிமான அடிப்படையில்" என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மனிதாபிமானம்! எனக்கு இந்த வார்த்தையைக் கண்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. வேலையில் காயம்பட்டால் நஷ்டஈடு என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. அதன் அட்டவணையில் ஆள்காட்டி விரலின் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 9 சதவீதம் போயிற்று என்று கணக்கே எழுதி வைத்திருந்தார்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குகிற காகிதம் செல்லாது என்றும் அந்தச் சட்டமே சொல்லியது. கடனைக் கொடுக்க வேண்டியவன் பிச்சை போட்டுவிட்டுப் புண்ணியமும் கட்டிக்கொள்வதற்கு இங்கே மனிதாபிமானம் என்று பெயர். ஆயுத பூஜையன்று அந்தக் கிடங்குகளுக்குப் போய்ப் பாருங்கள்! ஃபோர்க்லிஃப்டுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். வண்டி தெய்வம். அதை நிமிர்த்தி வைக்கிறவனுக்கு ஒரு பொட்டலம் பொரி.

1918-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்து வாடியாவும் திரு.வி.க.வும் இன்னும் சிலரும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு வசதி இருந்தது: ஒரு வாசல். ஆயிரம் பேர் ஒரே வாசலில் நுழைந்தார்கள், ஒரே வாசலில் வெளியே வந்தார்கள். வாசலில் நின்று பேசினால் எல்லாருக்கும் கேட்கும். இவனுக்கு எந்த வாசல்? இவனைப்போல் அதே கம்பெனியில் இருக்கிற நாற்பது பேரையும் இவன் ஒன்றாகப் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு தரம், அந்தப் பொரிப் பொட்டலம் வாங்குகிறபோது.

இப்போது 2025 நவம்பர் 21-ஆம் தேதி முதல் பழைய 29 சட்டங்களை நான்கு தொகுப்பாக்கி அமலுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். அவற்றின் குணதோஷங்களை ஆராய்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கட்டாயமாம். நல்லது. அந்தக் கடிதத்தில் உத்தியோகம் என்ற இடத்தில் என்ன எழுதப் போகிறார்கள்? மேற்பார்வையாளன் மாதம் 18,000-க்கு மேல் வாங்கினால் தொழிலாளி இல்லை என்று புதிய தொகுப்பிலும் ஒரு வரி இருக்கிறதே! அந்த வரி இருக்கிற வரையில் இந்த ஊரில் என்ஜினீயர்களுக்குப் பஞ்சம் வராது.

கம்பெனிக்காரரையும் கிடங்குக்காரரையும் இவ்வளவு திட்டிவிட்டு, உங்களையும் என்னையும் விட்டுவிட்டால் அது அயோக்கியத்தனம். ஒரு நாள் நான் அவனிடம் கேட்டேன். "இந்தப் பெயர் வேண்டாம், மெக்கானிக் என்றே போடுங்கள், ஓவர்டைம் கொடுங்கள் என்று எல்லாருமாகக் கேட்டால் என்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கல்யாணப் பத்திரிகையிலே என்ஜினீயர்னுதான் சார் போட்டோம். மாமனார் வீட்லே அதுக்காகத்தான் பொண்ணே குடுத்தாங்க."

யார் அந்த மாமனார்? உங்களைப்போல், என்னைப்போல் ஒருவர். கூலி என்றால் கேவலம், சம்பளம் என்றால் கௌரவம் என்று பிரித்து வைத்தவர்கள் நாம். கையில் கிரீஸ் ஒட்டியவனைப் பெண் பார்க்கும் கூடத்தில் உட்கார வைக்கக் கூசுகிறவர்கள் நாம். அவன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்பதற்கு முன்னால் அவனை என்னவென்று சொல்லிக்கொள்ளலாம் என்று பார்க்கிறவர்கள் நாம். நம்முடைய இந்தச் சபலத்தை மேலாளர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். காசு செலவில்லாமல் அச்சடிக்கக் கூடிய ஒரு சொல்லைக் கொடுத்து, இரவுகளை வாங்கிக்கொள்கிறார். இருபது வருஷம் கதை எழுதினேனே, எத்தனை கதாநாயகர்களை என்ஜினீயர்களாக்கியிருக்கிறேன்! ஒருவனையாவது மெக்கானிக்காகப் படைத்தேனா? இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் கதாநாயகியின் காரை ரிப்பேர் செய்துவிட்டு மூன்றாம் பக்கத்தில் போய்விடுகிறார்கள்.

மாடிக்காரன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். அதே பட்டம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதல். நஷ்டஈட்டு மனுவுக்கு இரண்டு வருஷக் கெடு இருந்தது. அது முடிய மூன்று வாரம் இருக்கும்போது, எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன். வக்கீல் வயதானவர், இந்த மாதிரி வழக்குகளையே பார்த்துத் தேய்ந்தவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"தொழில்?"

"சீனியர் சர்வீஸ் என்ஜினீயர்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி எழுதினால் எதிர்க்கட்சிக்காரன் முதல் நாளே அதைத்தான் பிடித்துக்கொள்வான். நீ என்ன வேலை செய்கிறாய், அதைச் சொல்லப்பா."

அவன் என் பக்கம் திரும்பினான். பிறகு அந்த அரைவிரலைப் பார்த்தான். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இந்தக் காகிதம் எதுவும் மாமனார் வீட்டுக்குப் போகாதே சார்?" என்றான்.

போகாது என்று வக்கீல் உறுதி கொடுத்தார். அப்புறம்தான் மெக்கானிக் என்று எழுதிக்கொள்ளச் சொன்னான். அடுத்த வாய்தா வருகிற மாதம் பத்தாம் தேதி.